அங்கம்மாவின் இடுப்பில் ஒரு ஓட்டை

உளி பிடிக்க வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் கண்காட்சி மலருக்கு என் தொழில் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கூடவே, என்னைப் பற்றி நீங்களே எழுதிவைத்த அறிமுகத்தையும் அனுப்பியிருந்தீர்கள். "அன்றாடப் பொருட்களின் வழியே நினைவையும் அடையாளத்தையும் தேடிய மலையகச் சிற்பி" என்று அதில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். என்னைத்தான் சொல்கிறீர்கள். நான் ஒன்றையும் தேடவில்லை, பிள்ளைகளே. சிலைக்குள் வைக்க இரும்புக் கம்பி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் கம்பி என்பது கண்ணில் காணக் கிடைக்காத சாமான். சீமெந்துச் சிலைக்கு உள்ளே எலும்பு மாதிரி ஏதாவது இருந்தால்தான் கை கால் நிற்கும். தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி, மண் கிளறி உடைந்த முள்ளு, அடி ஓட்டையான ரொட்டிச் சட்டி எல்லாம் சும்மா கிடந்தன. அவற்றை எலும்பாக வைத்தேன். ஒரு மாரியம்மனின் முழங்கையில் கத்திப் பிடி ஒன்று கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் கைப்பிழை. கும்பிட வந்த ஒருவர் அதைப் பார்த்து, "இது எங்கப்பன் கத்தியில்ல!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து, இதையும் வையுங்கள் அதையும் வையுங்கள் என்றார்கள். நானும் வைத்தேன். இப்படித்தான் ஒரு பாணி பிறந்தது.

அந்தப் பாணிக்கு 'நினைவும் அடையாளமும்' என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கலவை, பதம், ஈரம் காப்பது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அதில் நான் வாய் வைக்கவில்லை.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் ஹட்டனில் கல்லறைக் கல் வெட்டிய ஒரு சிங்கள பாஸ், அதாவது மேஸ்திரி. பாதி சிங்களம் பாதி தமிழில் பேசுவார். கல்லில் முதலில் பெயரைத்தான் வெட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம். பூ பிழைத்தால் அதை இலையாக்கிவிடலாம், பெயர் பிழைத்தால் கல்லையே தூக்கி எறிய வேண்டியதுதான் என்பார். ஒரு முறை ஒரு துரையின் நாய்க்குக் கல்லறை செய்தோம். நாயின் பெயர், பிறந்த தோட்டம், தாய் நாய், தகப்பன் நாய், செத்த தேதி அத்தனையும் வெட்டச் சொல்லி எழுதித் தந்திருந்தார்கள். பாஸ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கே இவ்வளவு விவரம் இல்லையே" என்றார். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால், சிரிப்பதற்கு எனக்கு ஒரு தகுதியும் இருக்கவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு, மலைநாட்டுத் தோட்டங்களைப் பார்த்து "நீங்களெல்லாம் யார்?" என்று கேட்டது உங்களுக்குத் தெரியும். அதுவரை யாரும் கேட்டதில்லை. கொழுந்து நிறுத்தார்கள், தலை எண்ணினார்கள், ஆள் யார் என்று கேட்டதில்லை. பிரஜாவுரிமை வேண்டும் என்றால் மனுப் போட வேண்டும், இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த மண்ணில் இருந்ததாக எழுத்தில் காட்ட வேண்டும் என்றார்கள். எழுத்தே தெரியாத சனத்திடம் எழுத்துக் கேட்டார்கள். மனுக்கள் மூட்டை மூட்டையாகப் போயின. விசாரணைகள் வருஷக்கணக்கில் இழுத்தன.

அப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எனக்கு ஆள் வந்தது. லண்டன் கம்பெனியின் டைரக்டர் தோட்டம் பார்க்க வருகிறாராம். தொழிற்சாலை வாசலில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஆளுயரச் சிலை ஒன்று வேண்டும், அவர் கையால் திறக்க வேண்டும். அந்த வருஷம் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதிக்கு மேல் கூரை ஒழுகியது. ஆனால் சிலைக்குச் சுத்தமான சீமெந்தும் மேலே ஒரு தற்காலிகக் கொட்டகையும் உடனே கிடைத்தன. எனக்கும் அதுதான் முதல் பெரிய வேலை. அதுவரை சாமிகளையும் செத்தவர்களையும் மட்டுமே செய்துகொண்டிருந்தவன், முதல் தடவையாக உயிரோடு இருக்கிற ஒரு ஆளைச் செய்யப் போகிறேன். தலை கால் புரியவில்லை.

மாதிரிக்கு நிற்க, தோட்ட ஆபீஸ் எழுத்துவேலை பார்க்கும் பெரிய கிளாக்கர் ஐயா அனுப்பிவைத்தது அங்கம்மாவை. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரே மகள். அங்கம்மா கைக்குழந்தையாக அம்மாவின் மடியில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவள். அக்கரையில் ஓர் ஆளின் முகமும் அவளுக்குத் தெரியாது. நிற்கச் சொன்னால் நிற்பாள், ஆனால் வாயை மூடச் சொன்னால் மூடமாட்டாள்.

"ஆசாரியாரே, மூக்க இன்னுங் கொஞ்சம் சின்னதா வைங்க."

"உன் மூக்கு எப்படி இருக்கோ அப்படித்தான் வைப்பேன்."

"அப்ப சாமிக்கு மட்டும் எப்புடி அழகா வைக்கிறீங்க? அதென்ன, ஒங்களுக்கு முன்னால வந்து நின்னுச்சா?"

மற்றப் பெண்கள் மலைக்குப் போகும்போது போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவார்கள். அங்கம்மா மட்டும் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு, பனி ஈரம் படாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிற கயிற்றிலேயே அதையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். நடக்கும்போது அது இடுப்பில் இடிக்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அது சும்மா சொம்பு இல்லை. யுத்தத்துக்கு முந்தி, லண்டனில் பழைய ராசாவுக்கு முடிசூட்டிய வருஷம், தோட்டத்தில் பறிப்புப் போட்டி வைத்து, முதலாவதாக வந்த அங்கம்மாவுக்கு அப்போதிருந்த துரை கொடுத்த பரிசு. நம் வழக்கப்படி அதில் பேரும் வெட்டியிருந்தது. அவள் பெயர், தோட்டத்தின் பெயர், வருஷம், எல்லாம் புள்ளி புள்ளியாக.

அந்தச் சொம்பைச் சிலையின் இடுப்பில் நிஜமாகவே வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தாள்.

"காம்பரா கதவுக்குப் பூட்டு இல்லீங்க. ஒங்க செலையில இருந்தா தொரையே காவல் இருப்பாரு," என்று சிரித்தாள். பிறகு, சிரிக்காமல், "நான் செத்த பொறகும் என் பேரு அதுல நிக்குங்களா?" என்று கேட்டாள்.

நிற்கும் என்றேன்.

அடுத்து நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். சொம்பை ஈரச் சீமெந்தில் பதிக்கும்போது, அந்தப் புள்ளி எழுத்துகள் என் கண்ணை உறுத்தின. வழவழப்பான பித்தளைதான் வெயிலில் அழகாக மின்னும், எழுத்து அதைக் கெடுக்கிறது என்று பட்டது. ஆகவே எழுத்து இருந்த பக்கத்தை உள்ளே திருப்பி, சுத்தமான பக்கம் வெளியே தெரியும்படி பதித்து, விளிம்பைச் சுற்றிச் சீமெந்து பூசி இறுக்கிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு பீடத்தில் என் பெயரை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். என் பெயர் அழகைக் கெடுப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

சிலை காய்ந்துகொண்டிருந்தபோது அங்கம்மாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நுவரெலியாவுக்கு ஆதாரங்களோடு வர வேண்டும். சிலைத் திறப்பு அதற்கு முந்திய சனிக்கிழமை. அவளுக்கு வேண்டியதெல்லாம் யுத்தத்துக்கு முந்திய நாலைந்து வருஷத்துக்கு அவள் இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தாள் என்பதற்கு ஒரு சான்று. தினமும் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தில் அது இருக்க வேண்டும். பெரிய கிளாக்கர் ஐயா அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த வருஷப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாகச் சொன்னார். முன்னும் பின்னும் இருந்த புத்தகங்கள் நலமாக இருந்தன. கறையானுக்கும் விசாரணைக் கேள்விகள் முன்கூட்டியே தெரிந்திருக்கும் போல.

மிச்சம் இருந்த ஒரே எழுத்து அந்தச் சொம்பில் இருந்தது. அதை நான் சிலைக்குள் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.

அங்கம்மா ஓடி வந்தாள். "ஆசாரியாரே, சொம்ப எடுத்துக் குடுங்க. செவ்வாக்கிழமை காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்துர்றேன். எம் மவ பேரும் அந்த மனுவுலதாங்க இருக்கு."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உளி என் கையில். சிலை என் கையால் செய்தது. நாலு தட்டு. ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், உத்தரவு கேட்கப் போனேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனின் புத்தி அப்படி. கூரையில் ஓட்டை என்றாலும் கேட்போம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்போம். என் சிலையை நானே உடைக்கவும் கேட்கத்தான் தோன்றியது. இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'கூடாது' என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அந்தச் சிலையை நான் அவ்வளவு விரும்பினேன்.

கணக்கப்பிள்ளை, "இது பெரிய கிளாக்கர் விசயம்" என்றார். பெரிய கிளாக்கர் ஐயா, "இது துரை விசயம்" என்றார். துரை தோட்டத் தமிழில் விஷயத்தை முடித்தார்: "செல தொடக் கூடாது. லண்டன் தொர வாறது. அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாமா என்று கிளாக்கர் ஐயாவைக் கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டைரக்டர் தெறந்து வச்ச பொறகு அது கம்பெனிச் சொத்து, ஆசாரி. அதுல ஒரு துண்டு எடுக்கணும்னாலும் லண்டனுக்கு எழுதணும். கப்பல்ல போயி, மீட்டிங் வச்சு, பதில் வர மூணு மாசம்."

"அதுக்கு முந்தி எடுத்தா?"

"அதுக்கு முந்தி எடுத்தா செல அசிங்கமாயிரும். அதனால எடுக்கக் கூடாது."

திறப்பதற்கு முன் எடுக்கக் கூடாது, திறந்த பின் எடுக்க முடியாது. நிர்வாகம் என்பதை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

கொட்டகலைக் கடைவீதியில் துணியோடு சீமெந்தும் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார், நானா என்போம். அவரிடம் புலம்பினேன். துணி அளந்துகொண்டே கேட்டவர், கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னத்துக்குத் தம்பி கேக்கப் போனீங்க? ஒடச்சுப்போட்டுச் சொல்லியிருக்கணும். கேட்டா இல்லேம்பாங்க. ஒடச்ச பொறகு என்னா செய்வாங்க, சிலய ஒட்டவா போறாங்க? அரை மூட சீமெந்து நான் தாறேன், போய் ஒடைங்க."

என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த புத்திமதி அது. அதைக் கேட்டுக்கொண்டு, அரை மூட்டைச் சீமெந்தையும் வாங்கிக்கொண்டு, வந்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல், கொழுந்து நிறுக்கிற நேரம். தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். நான் சிலையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கம்மா வரிசையை விட்டு வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். கீழே கிடந்த என் சுத்தியலையும் உளியையும் எடுத்தாள்.

"என்னா செய்ற, அங்கம்மா?"

"சொம்ப எடுக்கப் போறேங்க."

"உத்தரவு கெடைக்கலையே!"

"செல தொரையோடது. இடுப்பு என்னோடதுதானே? என் இடுப்ப ஒடைக்க நான் யாருகிட்டக் கேக்கணும்?"

அடித்தாள். கொழுந்து பறித்த கை, உளிக்குப் புதுசு. இரண்டாவது அடி சொம்பின் கழுத்துக்கு நேரே விழப் போனது. "அங்க அடிச்சா நசுங்கிரும், கொஞ்சம் மேல தள்ளி அடி!" என்று என் வாய் சொன்னது. ஒரு சிற்பியாக நான் அன்றைக்குச் செய்த ஒரே உதவி அது. ஐந்தாறு அடியில் சீமெந்து விட்டுக்கொடுத்தது. சொம்பு அவள் கையில் வந்தது. முந்தானையால் துடைத்து, எழுத்து இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எழுத்து இருக்குங்களா?"

வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற பெண்கள் கேட்டார்கள். அவள் சொம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டி, விட்ட இடத்தில் போய் நின்று கொழுந்தை நிறுத்துவிட்டுப் போனாள்.

நானாவின் சீமெந்தைக் குழைத்தேன். பூசி அடைத்துவிடலாம், ஈரம் தெரிந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கரண்டியோடு குனிந்தபோது ஓட்டைக்குள் பார்த்தேன். சொம்பின் வளைவு அப்படியே உள்ளே அச்சாக இருந்தது. அதில் அந்தப் புள்ளி எழுத்துகள் இடம் வலமாக மாறி, சின்னச் சின்னக் குருணையாகப் புடைத்துக்கொண்டு நின்றன. நான் ஒளித்து வைத்த பெயரைச் சீமெந்து ஒரு புள்ளி விடாமல் பிடித்து வைத்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தடவை திருப்பி வைத்தாயிற்று, இரண்டாம் தடவை பூசி மூடவும் வேண்டுமா? குழைத்த சீமெந்தைப் தண்ணீர்ப் பீலிக் கரையில் கொட்டிவிட்டு வந்து, சிலையைப் படங்குத் துணியால் போர்த்திவிட்டேன். என்ன வருமோ வரட்டும் என்று அப்படிச் செய்தது என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

சனிக்கிழமை டைரக்டர் வந்தார். மாலை, மேளம், வரவேற்புப் பத்திரம். பறிக்கும் பெண்களுக்கெல்லாம் அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சீலை. அங்கம்மாவை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். டைரக்டர் கயிற்றை இழுத்தார். படங்கு விழுந்தது. கை தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. இடுப்பில் ஒரு சொம்பளவு ஓட்டை.

துரையின் கழுத்து சிவந்தது. "யார் ஒடச்சது?"

பெரிய கிளாக்கர் ஐயாவின் கண் மெல்ல அங்கம்மா பக்கம் நகர்ந்தது. அவருக்குத் தெரியாமல் அந்தத் தோட்டத்தில் ஓர் இலை உதிராது. அவர் வாயைத் திறந்தால் அங்கம்மாவுக்கு அன்றைக்கே பத்துச்சீட்டு. வேலை போகும், வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். செவ்வாய்க்கிழமை விசாரணையில் "எங்கே வசிக்கிறாய்?" என்று கேட்டால் சொல்ல இடம் இருக்காது.

"ஒடைக்கலீங்க தொர," என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது. "அது அப்புடித்தான் செஞ்சிருக்கு."

"ஓட்டை செஞ்சது?"

"ஆமாங்க. அது ஞாபகங்க. சாமான் போயிரும், அது இருந்த எடம் இருக்குங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். அதை டைரக்டருக்கு இங்கிலீஷில் சொல்லும்படி துரை கிளாக்கர் ஐயாவைப் பார்த்துத் தலையாட்டினார். கிளாக்கர் ஐயாவுக்கும் பயம். சிலைக்கு அவரும் பொறுப்பு. மனுஷன் ஏழு நிமிஷம் பேசினார். நினைவு, அடையாளம், வெறுமை, உழைப்பு, பேரரசு என்று என்னென்னவோ சேர்த்தார் என்று பிற்பாடு இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சொன்னார்கள். டைரக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஓட்டைக்குள் வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஏதோ எழுத்து இருக்கிறதே, என்ன என்று கேட்டார்.

"பேருங்க," என்றேன்.

யாருடைய பெயர் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கிளாக்கர் ஐயா முந்திக்கொண்டார். உலகத்துத் தொழிலாளர் எல்லோருடைய பெயரும் அதுதான் என்று சொல்லிவிட்டார். முன்வரிசையில் இரண்டு முழத்துக்கு அப்பால் அங்கம்மா நின்றுகொண்டிருந்தாள்.

டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதேபோலச் சின்னதாக ஒன்று தன் லண்டன் மேசைக்கு வேண்டும், ஓட்டையோடு வேண்டும் என்றார். துரையின் கழுத்து பழைய நிறத்துக்குத் திரும்பியது. "நல்ல ஓட்டை," என்று என் முதுகில் தட்டினார்.

திங்கட்கிழமை கொழும்பு இங்கிலீஷ் பத்திரிகையில் படம் வந்தது. சிலையின் முகத்தை டைரக்டரின் தொப்பி மறைத்திருந்தது. ஓட்டை மட்டும் துலக்கமாக விழுந்திருந்தது. கீழே கலை தெரிந்த கனவான் ஒருவர், நினைவையும் அடையாளத்தையும் தேடும் புதிய சிற்பி என்று எழுதியிருந்தார். உங்கள் அறிமுகத்தில் இருக்கிற வாசகம் அதுதான். அது பெரிய கிளாக்கர் ஐயாவின் ஏழு நிமிஷத்தில் பிறந்தது. நினைவைப் பற்றி நான் சொன்னது ஒரு பொய், ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றச் சொன்னது. அடையாளத்தைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கோட்டு மாட்டி, பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்கம்மாவுக்குத் துணையாக நானும் நுவரெலியாவுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவள் பின்னால், மடியில் சொம்போடு. இனி என்ன, நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தைரியம் வேறு சொன்னேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். நல்ல தமிழில் பேசினார். சொம்பை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, எழுத்துகளைப் படித்தார்.

"பெயர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, வருஷமும் இருக்கிறது. நல்லது. இந்த அங்கம்மாவும் வந்திருக்கிற அங்கம்மாவும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"நான்தாங்க ஆதாரம்," என்றாள் அங்கம்மா.

"மனுக்காரர் தனக்குத் தானே ஆதாரமாக முடியாது, அம்மா."

"அப்ப என் சொம்பு எனக்கு யாருங்க?"

அவர் அதை எழுதவில்லை. சொம்பில் ஒட்டியிருந்த சீமெந்துத் தூளைப் பார்த்து, இது இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று கேட்டார். சிலையில் இருந்தது என்றாள். நிரந்தரமாக இங்கேயே தங்கப் போகிறவள் வீட்டுச் சாமானை ஏன் வெளியே கொடுத்தாள் என்று கேட்டார். அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

நான் எழுந்தேன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஐயா, நான் சாட்சி. சிலை செய்த சிற்பி நான். நாற்பது நாள் இந்த முகத்தை அளந்திருக்கிறேன். அந்தச் சொம்பு இவள் இடுப்பில் இருந்து என் கைக்கு வந்தது. வேண்டுமானால் தோட்டத்துக்கு வந்து பாருங்கள், சிலையின் முகம் இவளுடையது, அதன் இடுப்புக்குள் இவள் பெயர் பதிந்திருக்கிறது."

பத்திரிகையை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படத்தில் தொப்பியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், படத்துக்குக் கீழே இருந்த என் பெயரைப் பார்த்தார். திருப்தியோடு பேனாவை எடுத்தார்.

"மிகவும் நல்லது. உங்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கத்தைச் சொல்லுங்கள்."

சான்றிதழ் இல்லை என்றேன்.

"மனுவாவது போட்டிருக்கிறீர்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

ஏன்? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு மனு நிரப்பிய நாட்களில், சனம் கூடையோடு வெயிலில் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் கோபுரத்தில் சாரத்தின் மேல் நின்று பார்த்தேன். அந்த வரிசை கூடை தூக்குகிறவர்களுக்கு, நான் வேறு என்று நினைத்தேன். சாமி செய்கிறவனை யார் வந்து நீ யார் என்று கேட்கப் போகிறார்கள்? ஹட்டனிலிருந்து வலப்பனை வரைக்கும் பாதிக் கோயிலில் என் கை வேலை இருந்தது. இதையெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"மனுக் கொடுக்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டதே," என்றார் அதிகாரி. உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பத்திரிகையை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு கோப்பில் ஒரு வரி எழுதினார். தலைகீழாக எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் பழக்கம். 'சாட்சி இல்லை' என்று எழுதியிருந்தார்.

பிள்ளைகளே, அங்கம்மாவின் மனு தள்ளுபடியானதாகச் சில மாதத்தில் கடிதம் வந்தது. பெயரை நான் வெளியே பார்க்க வைத்திருந்தாலும் அவர்கள் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். அந்த ஆறுதலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சீமெந்துத் தூள் இல்லாத சொம்போடும், கோட்டுப் போடாத ஒரு நல்ல சாட்சியோடும் அவள் போயிருக்க வேண்டும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு விசாரணைக் கந்தோரை விட்டு வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றோம். நான் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். அங்கம்மா குழாயடியில் சொம்பைக் கழுவி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஒங்களுக்கும் இல்லீங்களா, ஆசாரியாரே?"

"இல்ல அங்கம்மா."

பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, "ஒங்களையும் ஒரு நாளு கூப்புட்டுக் கேட்டாங்கன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க," என்றாள். "நான் வந்து சாட்சி சொல்றேன்."

சரி என்றேன். பின்சீட்டில் இடம் இருந்தது, இருவரும் உட்கார்ந்தோம்.